சுருள் சிரைக்கு ஆண்டுகள் சொன்ன தீர்ப்பு



2023-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒருநாள் மாலை, இண்டூரில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு பெண் வந்தாள். என்னிடம் பயின்ற மாணவி. தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக விற்பனைப் பணியில் இருப்பவள். வேட்டிக்குக் கீழே தெரிந்த என் வலக்காலை அவள் உற்றுப் பார்த்தாள். "சார், உங்க காலில் இருப்பது போலவே எனக்கும் வந்துவிட்டது" என்றாள். பிறகு தான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஊசி போட்டுச் சரிசெய்யலாம் என்று ஒருவரும், அறுவையே மேல் என்று ஒருவரும், லேசர் வந்த பிறகு அறுவை எதற்கு என்று ஒருவரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் படித்த மருத்துவர்கள். மூவரும் தத்தம் முறையால் நலம் பெற்றவர்களைக் காட்டினார்கள். இவற்றுள் எதை நம்புவது என்பதே அவள் கேள்வி.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் சரித்திரம் கற்பித்தவன். ஆயினும் அவளுடைய கேள்வி சரித்திரத்தோடு தொடர்புடையதே. ஒரு சிகிச்சை நல்லதா என்று அறிய, சிகிச்சை முடிந்து எத்தனை நாள் கழித்துப் பார்க்க வேண்டும்? ஒரு மாதமா, ஓராண்டா, பத்தாண்டா? இந்நோயின் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டபோது கிடைத்த விடைகளோ எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தின. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்தில் இதனை 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பார்கள். நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டு செல்வது. இங்கே சுருண்டு புடைப்பது நரம்பன்று; அசுத்த இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரையாகும். எனவே சுருள் சிரை என்பதே பொருந்தும். மருத்துவமனைகளில் 'வெரிகோஸ் வெயின்' என்று வழங்குகிறது.

இந்நோய் தோன்றும் விதத்தை நம் தருமபுரி உழவருக்கு விளக்குவது எளிது. கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் புட்வால்வு ஒன்று உண்டு. அது நீரை மேலே விடும். கீழே இறங்க விடாது. அது பழுதானால் ஏறிய நீர் மீண்டும் கிணற்றிலேயே விழுகிறது. நம் காலின் சிரைகளிலும் இத்தகைய வால்வுகள் பல உள்ளன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இரத்தத்தை மேலே தள்ளுகிறது; வால்வுகள் அதனைத் திரும்பி வராமல் காக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் பாதரச அளவில் எண்பது, தொண்ணூறு மில்லிமீட்டர் இருக்கும். நடந்தால் அது முப்பதுக்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் தளர்ந்தவர்க்கு நடந்தாலும் இறங்குவதில்லை. இரத்தம் தேங்கிச் சிரை விரிகிறது. விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே மேலும் தேங்குகிறது. பரம்பரை, வயது, பேறுகாலம், உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் ஆகிய யாவும் இதற்குத் துணைசெய்வன. நாளடைவில் தோல் கறுத்து, கணுக்காலின் உட்புறத்தில் ஆறாத புண் உண்டாவதும் உண்டு.

எகிப்து நாட்டில் ஏறத்தாழக் கி.மு. 1550-இல் எழுதப்பட்ட மருத்துவச் சுவடி ஒன்று உள்ளது. ஏபர்ஸ் சுவடி என்பது அதன் பெயர். பாம்பு போல் வளைந்த இவ்வகைப் புடைப்புகளைக் கத்தியால் தொடலாகாது என்று அது எச்சரிக்கிறது. தொட்டவர் கதி என்னவாயிற்று என்று கண்ட ஒருவர்தான் இதனை எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏதென்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. ஒரு மனிதன் தன்னினும் பெரிய ஒரு காலை ஏந்தி நிற்கிறான். அக்காலின் உட்புறத்தில் ஒரு சிரை தடித்து நீண்டு கிடக்கிறது. நம் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கை, கால் செய்து காணிக்கை செலுத்துகிறோம் அல்லவா? அதுபோன்ற காணிக்கையே அது. நம் நாட்டுச் சுசுருத சங்கிதை 'சிராஜ கிரந்தி' என ஒரு சிரை முடிச்சைக் கூறுகிறது. வலுவற்றவன் உடலை அளவுக்கு மீறி வருத்துவதால் அது தோன்றும் என்றும், அதில் எளிதில் தீராததும் உண்டு, தீரவே தீராததும் உண்டு என்றும் வகுத்துரைக்கிறது. தீராததைத் தீராதென்று சொல்லிவிடும் அந்நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

சிகிச்சையின் பலனை எடைபோட்ட முதல் நோயாளி என்று நான் கருதுவது உரோமாபுரிச் சேனாதிபதி காயஸ் மாரியஸை. கி.மு. 157 முதல் 86 வரை வாழ்ந்தவர். ஏழுமுறை கான்சல் பதவி வகித்தவர். அவருடைய கால்கள் இரண்டிலும் சிரைகள் சுருண்டு கிடந்தன. மயக்க மருந்து இல்லாத காலம். நோயாளியைக் கயிற்றால் கட்டிப்போட்டு அறுப்பதே வழக்கம். மாரியஸோ தம்மைக் கட்ட வேண்டாம் என்று கூறி, ஒரு காலை நீட்டினார். வைத்தியர் சிரைகளை அறுத்தெடுக்கும் வரையில் அசையவுமில்லை, முனகவுமில்லை. அடுத்த காலுக்கு வைத்தியர் வந்தபோது அவர் மறுத்துவிட்டார். இப்பெரும் வலிக்கு ஈடான பலன் இதில் இல்லை என்பது அவர் முடிவு. புளூட்டார்க் என்னும் கிரேக்க அறிஞர் இதனை எழுதிவைத்திருக்கிறார். மாரியஸின் வீரத்திற்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்தாள்வர். எனக்கோ அவர் முதற்காலை நீட்டியதைவிட இரண்டாவது காலை மறுத்ததே பெரிதாகத் தோன்றுகிறது. கொடுத்த விலையையும் பெற்ற பயனையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர்.

அவருக்குப்பின் செல்சஸ் என்பார் சிரையைச் சுடுவதையும் கொக்கியால் தூக்கி அறுப்பதையும் விவரித்தார். ஏழாம் நூற்றாண்டில் ஈஜினாத் தீவினரான பவுல், தொடையில் சிரையைக் கட்டிவிடும் முறையைக் கூறினார். அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இம்முறைகளே திரும்பத் திரும்ப வந்தன. சிரை என்ன வேலை செய்கிறது என்பதே தெரியாதபோது வேறு எவ்வாறு நிகழும்?

அதனை அறிவித்தவர்கள் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும். இத்தாலியின் பாதுவா நகரில் பப்ரீசியஸ் என்ற பேராசிரியர் சிரைக்குள்ளே இருக்கும் சிறு கதவுகளைப் படங்களோடு விளக்கி 1603-இல் நூல் வெளியிட்டார். கதவுகளைக் கண்டாரேயன்றி அவை எதற்காக என்பதை அவர் சரியாக உணரவில்லை. அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளிவந்த தம் நூலில் அக்கதவுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்று நிறுவினார். அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். முன்கையில் சிரைகள் புடைக்கும். இடையிடையே சிறு கணுக்கள் தோன்றும். அவையே வால்வுகள். ஒரு கணுவுக்குக் கீழே சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தை அக்கணுவைத் தாண்டி மேலே தடவிவிடுங்கள். இடையில் உள்ள பகுதி வெறுமையாகவே இருக்கும்; மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்துகாட்டி, அவர்கள் தம் கைகளையே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

நிற்க. பழைய ஆசிரியர்கள் கட்டுரையில் விஷயம் மாறும்போது இச்சொல்லை எழுதுவர். இந்நோய்க்கு இதைவிடப் பொருத்தமற்ற சொல் வேறில்லை!

அறுவை ஒருபுறமிருக்க, காலை இறுகக் கட்டும் முறையும் தொடர்ந்து வந்தது. ஆங்கில ரண வைத்தியர் ரிச்சர்டு வைஸ்மன் 1676-இல் வெளியிட்ட நூலில் கயிறு கோத்து இறுக்கும் தோலுறையைப் பரிந்துரைத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியியலாளர், தாமே கால் சிரை நோயால் வருந்தியவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் இலேசாவதை உணர்ந்தார். நீரின் அழுத்தம் ஆழத்தில் மிகுதி, மேலே குறைவு. அதே போலக் கணுக்காலில் மிகுந்தும் மேலே போகப்போகக் குறைந்தும் அழுத்தும் காலுறையை அவர் அமைத்தார. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் அழுத்தக் காலுறைகள் இந்தக் கருத்திலிருந்து பிறந்தவையே. அணிந்திருக்கும் வரையில் அவை உதவும். கழற்றினால் கால் பழைய கால்தான். தருமபுரி வெயிலில் நாள் முழுதும் அதை அணிந்திருப்பது எளிதன்று என்பதை நான் அனுபவத்தில் சொல்லுவேன்.

காலின் உட்புறமாகக் கணுக்காலிலிருந்து தொடையிடுக்கு வரை தோலுக்கு அடியில் ஒரு நீண்ட சிரை ஓடுகிறது. அதனை நெடுஞ்சிரை என்று அழைப்போம். பெரும்பாலும் நோயின் வேர் அதுவே. ஜெர்மனியில் பான் நகரப் பேராசிரியர் டிரெண்டலென்பர்க் அச்சிரையைத் தொடையில் கட்டித் துண்டிக்கும் முறையை 1891-இல் வெளியிட்டார். அவருடைய மாணவர் பெர்த்தெஸ் 1895-இல், அறுவை செய்துகொண்டவர்களின் நிலையைப் பரிசீலித்து ஒரு கட்டுரை எழுதினார். மீண்டும் புடைத்த கால்கள் அவர் கணக்கில் இருந்தன. தம் குருவின் அறுவையைப் பாராட்டி எழுதுவது எளிது. அது தோற்ற இடங்களை எண்ணி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். வெட்டும் இடத்தை இன்னும் மேலே, சிரை ஆழ்ந்த பெருஞ்சிரையோடு கூடும் இடத்திற்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய கணக்குகளாலேயே வலுப்பெற்றது.

கட்டினால் மட்டும் போதாது, நெடுஞ்சிரையையே உருவி எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கர் மூவர் அடுத்தடுத்துக் கருவிகள் செய்தனர். 1905-இல் கெல்லர் கம்பியாலும், 1906-இல் மேயோ வளையத்தாலும், 1907-இல் பாப்காக் நுனியில் குமிழ் வைத்த வளையும் கோலாலும் சிரையை உருவினர். பாப்காக்கின் வழியே நெடுங்காலம் நிலைத்தது. 1994-இல் என் இடக்காலுக்கு நிகழ்ந்ததும் அதுவே. இரண்டு வாரம் விடுப்பு, ஒரு மாதம் கட்டு. பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அக்காலைப்பற்றி நான் நினைக்கவேயில்லை. அதன்பின் தொடையின் உட்புறத்தில் சிறிதாக ஒரு சுருள் தலைகாட்டியது. வலக்காலை அப்போதே விட்டுவிட்டேன். மாரியஸைப்போல் கணக்குப் பார்த்து அன்று, பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது என்பதால்தான். ஆகவே ஒரு கால் அறுவை பெற்றதும் மற்றொரு கால் பெறாததுமாக நானே ஒரு சிறு பரிசோதனைச் சாலை ஆகிவிட்டேன். ஒரு மனிதனின் இரு கால்களைக் கொண்டு உண்மையை நிறுவ முடியாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

இனி ஊசியின் கதை. பிரான்சு தேசத்து லியோன் நகரத்தவரான பிராவாஸ் 1853-இல் மருந்து செலுத்தும் சிறு ஊசிக்குழலை அமைத்தார். இரத்தத்தை உறையச் செய்யும் இரும்பு உப்பைச் சிரைக்குள் செலுத்தினால் சிரை அடைந்துவிடும் என்ற ஆசை விரைவிலேயே எழுந்தது. ஆனால் சீழும் காய்ச்சலும் தொடர்ந்தன. 1894-இல் அதே லியோன் நகரில் கூடிய மருத்துவர் மாநாடு இம்முறையைக் கண்டித்து ஒதுக்கியது. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் அது மறுபிறவி எடுத்தது. மேகநோய்க்கு மருந்தைச் சிரையில் செலுத்தியபோது அச்சிரை கெட்டியாகி மூடிக்கொண்டதைக் கண்ட மருத்துவர்கள், அந்தத் தீங்கையே சிகிச்சையாக மாற்ற முயன்றனர். தீங்கு குறைந்த மருந்துகள் 1940-களில் வந்தன. டப்ளின் நகரில் பீகன் என்னும் மருத்துவர், சிரையில் இரத்தம் இல்லாதபடி செய்து மருந்தைச் செலுத்தி, உடனே இறுகக் கட்டி, நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லும் முறையைப் பரப்பினார். 1963-இல் லான்செட் இதழில் அதனை விளக்கினார். மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை, தழும்பு இல்லை, செலவு சொற்பம். ஆறுவாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தால் கால் வழுவழுப்பாக இருந்தது. அறுவையின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர்.

அப்போதுதான் சிலர் நிதானமாக ஒரு காரியம் செய்தனர். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு ஊசி; மற்றொரு பிரிவினர்க்கு அறுவை. யாருக்கு எது என்பதை மருத்துவரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. இளையோரையும் நோய் குறைந்தோரையும் ஒரு முறைக்கும், முதியோரையும் நோய் முற்றியோரையும் மற்றொரு முறைக்கும் அனுப்பிவிட்டுப் பலனை ஒப்பிட்டால் அந்த ஒப்பீடு பயனற்றது அன்றோ? குலுக்கலின் பெருமை அந்தச் சாய்வை ஒழிப்பதில் இருக்கிறது.

இத்தகைய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றின் மூன்றாண்டு முடிவு 1972-இல் லான்செட்டில் வெளிவந்தது. ஊசிக்கும் அறுவைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பது அன்றைய தீர்ப்பு. ஆய்வு அத்தோடு நின்றிருந்தால், மலிவும் எளிமையும் கருதி உலகம் ஊசியையே கைக்கொண்டிருக்கும். ஆனால் அவர்கள் அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். ஐந்தாண்டு முடிவு 1978-இல் வந்தது. இப்போது, மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டோர் ஊசிப் பிரிவிலேயே மிகுதி. அதே மனிதர், அதே கால்கள், அதே சிகிச்சை. கூடியது இரண்டு ஆண்டு மட்டுமே. தீர்ப்பு மாறிவிட்டது.

இலண்டனில் ஹாப்ஸ் என்னும் ரண வைத்தியர் செய்த ஆய்வு இதனை இன்னும் தெளிவாகக் காட்டியது. அவர் 1974-இல் ஆறாண்டு முடிவுகளை வெளியிட்டார். பத்தாண்டு முடிவுகளும் பின்னர் வந்தன. முதலாண்டில் ஊசி பெற்றவர்களின் கால்களே பார்வைக்கு நன்றாக இருந்தன. ஆண்டுகள் ஏற ஏற அந்தச் சிறப்பு தேய்ந்தது. நெடுஞ்சிரையின் வால்வு பழுதானவர்களிடையே அறுவை தெளிவாக முந்தியது. கெண்டைக்காலில் தனித்து நிற்கும் சிறு கிளைச் சிரைகளுக்கு மட்டும் ஊசி தன் மதிப்பை இழக்கவில்லை. ஆகவே ஊசியின் ஆதரவாளரும் பொய் சொல்லவில்லை, அறுவையின் ஆதரவாளரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் முதலாண்டைப் பார்த்துப் பேசினார். மற்றவர் ஆறாம் ஆண்டைப் பார்த்துப் பேசினார். இதற்குக் காரணமும் எளிதே. ஊசியால் அடைபட்ட நெடுஞ்சிரை பலரிடத்தில் காலப்போக்கில் மீண்டும் திறந்துகொள்கிறது.

அறுவை வென்றது என்று இத்துடன் முடித்துவிடலாகாது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தார், தொடையிடுக்கில் சிரையைக் கட்டுவது மட்டும் போதுமா, உருவவும் வேண்டுமா என்று ஆராய்ந்தனர். பதினோராம் ஆண்டின் முடிவை 2004-இல் வெளியிட்டனர். உருவியவர்களிடையே மறு அறுவை தேவைப்பட்டது மிகவும் குறைவு. அவ்வகையில் கெல்லர், மேயோ, பாப்காக் மூவரும் சரியான வழியிலேயே சென்றிருந்தனர். ஆனால் மறு அறுவை ஒருபுறமிருக்க, கண்ணுக்குத் தெரியும் சுருள் மீண்டும் தோன்றியதா என்று பார்த்தால், இரு பிரிவையும் சேர்த்து நூற்றுக்கு அறுபது கால்களுக்கு மேல் தோன்றியிருந்தது. கட்டிய இடத்தைச் சுற்றி உடல் புதிய சிறு சிரைகளை வளர்த்துக்கொள்வது ஒரு முக்கிய காரணம். என் தொடையில் பன்னிரண்டாம் ஆண்டு தலைகாட்டிய சுருளும் இந்த அறுபதில் ஒன்று போலும் என்று எண்ணிக்கொண்டேன். அறுத்த மருத்துவர்மேல் எனக்கிருந்த சிறு மனக்குறை அன்றோடு தீர்ந்தது.

1990-களின் இறுதியில் வேறு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, சிரையை உருவாமல் உள்ளேயே சுட்டு மூடிவிடுதல். அல்ட்ராசவுண்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய இழையைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் ஒளியாலோ ரேடியோ அலை வெப்பத்தாலோ அதன் சுவரைச் சுருங்கச் செய்வர். காலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். நோயாளி அன்றே நடந்து வீடு திரும்பலாம். செல்சஸ் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் செய்ததன் நாகரிக வடிவம் என்றுகூடச் சொல்லலாம். மற்றொன்று, ஊசி மருந்தைக் காற்றோடு கலந்து நுரையாக்கிச் செலுத்துதல். நுரை இரத்தத்தை விலக்கிக்கொண்டு சிரையின் சுவரை நன்றாகத் தொடும்.

இம்முறை உலகம் பாடம் கற்றிருந்தது. புதுமுறை வந்தவுடனேயே குலுக்கல் ஆய்வுகளும் தொடங்கின. டென்மார்க்கில் 500 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி லேசர், ரேடியோ வெப்பம், நுரை, உருவுதல் ஆகிய நான்கையும் ஒப்பிட்டனர். ஓராண்டு முடிவு 2011-இலும் மூன்றாண்டு முடிவு 2013-இலும் ஐந்தாண்டு முடிவு 2017-இலும் வெளிவந்தன. ஐந்தாம் ஆண்டில் நுரை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர்க்கு நெடுஞ்சிரை மீண்டும் திறந்திருந்தது. மற்ற மூன்று முறைகளிலும் அவ்வாறு ஆனது நூற்றுக்கு ஆறேழு பேர்க்கே. தோலின்மேல் சுருள் மீண்டும் தோன்றுவது எம்முறையிலும் ஒழியவில்லை. முறைக்கேற்ப நூற்றுக்கு ஏறத்தாழ இருபது முதல் நாற்பது வரை அது இருந்தது. பிரிட்டனில் பதினொரு மருத்துவமனைகளில் 798 பேரைக்கொண்டு நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019-இல் வந்தது. லேசரும் அறுவையும் பெற்றவர்களின் வாழ்க்கை நலம் நுரை பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. இதற்கிடையில் 2013-இலேயே இங்கிலாந்தின் வழிகாட்டுக் குழு, பொருந்துமாயின் முதலில் வெப்பம், அடுத்து நுரை, அதன்பின் அறுவை என்று வரிசை வகுத்துவிட்டது. பயன் ஏறத்தாழச் சமமாயின், தழும்பும் வலியும் குறைந்த வழி முந்துவது நியாயமே.

இதுவரை சொன்னது சுருளைப்பற்றி. புண்ணைப்பற்றியும் சொல்ல வேண்டும். ஏழை மக்களை வாட்டுவது அதுவே. கணுக்காலருகே துணியைச் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காக நடமாடும் முதியோரை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கண்டிருக்கிறேன். இப்புண்ணுக்குக் காலை அடுக்கடுக்காக இறுகக் கட்டுவதே முதன்மையான சிகிச்சை. கட்டுவதோடு சிரைக்கு அறுவையும் செய்தால் மேலும் நன்மை உண்டா என்று பிரிட்டனில் 500 பேரிடம் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். இருபத்துநான்கு வாரத்தில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 65 பேருக்குப் புண் ஆறியிருந்தது, வேறுபாடே இல்லை. அறுவை வீண் என்றுதானே தோன்றும்? ஆனால் ஆறிய புண் மீண்டும் வந்ததா என்று பார்த்தார்கள். நான்காண்டில் கட்டு மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 56 பேர்க்கும், அறுவையும் பெற்றவர்களில் 31 பேர்க்கும் திரும்ப வந்திருந்தது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிரையை மூடுவதைத் தள்ளிப்போடாமல் விரைந்து செய்தால் புண் ஆறுவதே விரைவுபடுகிறது என்று காட்டியது. இடைநிலைக் கணக்கில் 82 நாள் ஆனது 56 நாளாகக் குறைந்தது. வயல் வேலைக்குப் போகவேண்டிய ஒருவருக்கு இருபத்தாறு நாள் என்பது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மாணவி கேட்டதற்கு நான் சொன்னது இவ்வளவே. முதலில் அல்ட்ராசவுண்டுப் பரிசோதனை செய்து, நெடுஞ்சிரையின் வால்வு கெட்டிருக்கிறதா, கிளைச் சிரை மட்டுமா என்று தெரிந்துகொள். பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும், "ஐந்தாம் ஆண்டில் என் கால் எப்படி இருக்கும், ஐயா?" என்று கேள். முதல் மாதத்துப் படத்தைக் காட்டுகிறவரைவிட, திரும்ப வரக்கூடும் என்று சொல்லுகிறவரை அதிகம் நம்பு.

அவள் கடையைப்பற்றியும் ஒரு வார்த்தை கேட்டேன். உட்கார இப்போது முக்காலி போட்டிருக்கிறார்கள் என்றாள். இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கேரள மாநிலம் 2018-இல் கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் எனச் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்கள் அங்கே பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. பணியாளர் நாள் முழுவதும் நின்றவாறே இருக்க நேராதபடி, இடையே வாய்ப்பு நேரும்போது அமர்வதற்கு எல்லோர்க்கும் இருக்கை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நெடுநேரம் நிற்பதால் பணியாளர்க்கு உண்டாகும் உடல்நலக் கேடுகளே அம்மசோதாவுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. ஆசிரியர்க்கும் அப்படி ஒரு பிரிவு எழுதப்பட்டிருந்தால் என் வலக்கால் வாழ்த்தியிருக்கும். வகுப்பில் நாற்காலி இருந்தது உண்மைதான். உட்கார்ந்து பாடம் நடத்துவது சோம்பல் என்று எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்!

பரிசோதனையில் அவளுக்கு நெடுஞ்சிரையின் வால்வே கெட்டிருப்பது தெரிந்தது. அவ்வாண்டு ஆவணியில் வெப்ப முறையால் அதை மூடினார்கள். நான்காம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். இப்போது ஆண்டுதோறும் ஆவணியில் இண்டூர் வரும்போது தன் காலின் நிலையை என்னிடம் சொல்லிச் செல்கிறாள். அதற்கென என் நாட்குறிப்பில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஐந்து வரிகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறேன். முதலிரண்டு வரிகளிலும் 'சுருள் இல்லை, வலி இல்லை' என்று எழுதியிருக்கிறது. ஐந்தாம் வரிக்கு உரிய ஆண்டு 2028.